மெடிக்கல் வேன் வந்தது… அடுத்து எப்போது வரும்?
டாக்டர் பதில்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் நடமாடும் மருத்துவக் குழு ஒன்றோடு இரண்டு வாரம் சுற்றினேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் கேள்விகளும் வழக்கமான முட்டிவலி, முடி கொட்டுதல் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டன. மழைக்காலம் வேறு. சரி, இந்த இதழ் முழுக்கப் புயல்தான். முடி கொட்டுகிறவர்கள் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் மொத்தமும் கொட்டிவிடாது.

கஜா அடித்த நாலாவது நாள் எங்கள் ஊருக்கு ஒரு மெடிக்கல் வேன் வந்தது. வரிசையில் நின்று காய்ச்சல் மாத்திரை பத்து, சத்து மாத்திரை பத்து வாங்கிக்கொண்டோம். போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். கோபப்படாமல் சொல்லுங்கள் டாக்டர், அந்த வேனால் யாருக்கு என்ன லாபம்?
*பேராவூரணி பக்கத்திலிருந்து ஒரு வாசகி*

கோபமே இல்லை. அப்படி ஒரு வேனில் வந்து இறங்கியவள்தான் நானும்.

முதல் நாள் நாங்கள் கிளம்பும்போது பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? கட்டுத்துணி, தையல் நூல், டி.டி. ஊசி, குளுக்கோஸ் பாட்டில், ஆண்டிபயாடிக். புயல் என்றால் அடிபட்டவர்கள் வரிசையாக வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனோம். ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்தோம். முதலில் வந்த பாட்டி சொன்னது: "பி.பி. மாத்திரை ஓட்டோட பறந்துபோச்சு தாயி." அடுத்தவருக்குச் சர்க்கரை மாத்திரை மழையில் கரைந்து மாவாகிவிட்டிருந்தது. மூன்றாவதாக ஒரு அம்மா, பதினாலு வயசுப் பையனுக்கு வலிப்பு மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, முந்தின ராத்திரி ஒரு தடவை வந்துவிட்டது என்றார். மத்தியானத்துக்குள் தொண்ணூறு பேருக்கு மேல் பார்த்தோம், அதில் தையல் போட வேண்டிய காயம் ஐந்தோ ஆறோதான். பி.பி. மாத்திரை எங்கள் பெட்டியில் இருந்தது மொத்தம் மூன்று அட்டை! அதை அறுத்து அறுத்துக் கொடுத்தோம், ஆளுக்கு நாலு நாளைக்கு.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த ஊர் நர்சம்மாவின் நோட்டு. அரசுப் பேச்சில் கிராம சுகாதாரச் செவிலியர். யாருக்குச் சர்க்கரை, யார் காசநோய் மாத்திரையில் எத்தனையாவது மாதம், யாருக்கு எட்டாவது மாதம், எல்லாம் அதில் இருந்தது. பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்ததால் தப்பித்தது. மாத்திரை பெயர் தெரியாமல் "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு அந்த நோட்டு இல்லாமல் நான் என்ன எழுதித் தர முடியும்? மறுநாளே பெட்டியை மாற்றினோம். குளுக்கோஸ் பாட்டிலைப் பாதியாகக் குறைத்துவிட்டு பி.பி., சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா மருந்துகளை ஏற்றினோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு முறை வந்துபோகிற வேனால் பெரிய லாபமில்லை, நீங்கள் நினைப்பது சரிதான். நாலு நாள் மாத்திரை கொடுத்தால் ஐந்தாவது நாள் என்ன செய்வார்? தையல் போட்டால் ஏழெட்டு நாளில் பிரிக்க ஆள் வேண்டும். சேற்றுத் தண்ணீரில் தொற்றுகிற எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினாலு நாள் கழித்துத்தான் காய்ச்சலாகத் தலைகாட்டும், அதாவது போட்டோ எடுத்த வேன்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போன பிறகு. ஆகவே வேன் வந்தால் ஆளுக்கு ஒரு சத்து மாத்திரை கேட்காதீர்கள். "அடுத்து என்னைக்கு வருவீங்க, யார் கிட்ட சொல்லிட்டுப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வட்டார மருத்துவ அலுவலர் வரைக்கும் அதே கேள்வியைக் கொண்டுபோங்கள். வாராவாரம் அதே கிழமையில் வருகிற பழைய ஜீப், ஒரே நாள் வந்துபோகிற ஏசி வண்டியைவிட எவ்வளவோ மேல்.

வெளிநாடுகளில் பேரிடர் என்றால் ஆபரேஷன் தியேட்டரோடு கூடாரமே வந்து இறங்குகிறது. நமக்கு மட்டும் ஏன் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு வேன்?
*திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்*

தம்பி, நிலநடுக்கமும் புயலும் ஒன்றில்லை. நிலநடுக்கத்தில் நசுங்கிய கால், உடைந்த இடுப்பு என்று ஆயிரக்கணக்கில் வரும், அங்கே ஆபரேஷன் தியேட்டர் உயிர் காக்கும். புயலில், அதுவும் கடல் பொங்கி ஊருக்குள் வருகிற புயலில், சாகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே, தண்ணீரிலேயே இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிடம் பெரிய காயம் குறைவு. 1970 நவம்பரில் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானை, அதாவது இன்றைய வங்கதேசத்தை, போலா புயல் அடித்தபோது ஆல்ஃபிரட் சோமர், வைலி மோஸ்லி என்ற இரண்டு மருத்துவர்கள் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்கள் குறைந்தது 2,24,000 பேர் என்று அவர்கள் கணித்தார்கள். பிழைத்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த காயம் ஒன்றுதான்: மார்பிலும் கையின் உள்பக்கத்திலும் தொடையிலும் தோல் உரிந்த சிராய்ப்பு. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தொங்கியிருக்கிறார்கள்! அதற்குப் 'புயல் நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு சொன்ன இன்னொரு விஷயம், பிழைத்தவர்களுக்கு அப்போதைய பெரிய தேவை அறுவை சிகிச்சை அல்ல, சோறும் கூரையும் என்பது.

மற்றபடி நீங்கள் பார்த்த கூடாரங்களுக்கும் வகை உண்டு. உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. ஊர் ஊராகப் போகிற குழு முதல் வகை, நாளுக்கு ஐம்பது புறநோயாளிகளையாவது பார்க்க வேண்டும். இரண்டாவது வகைக்குத்தான் ஆபரேஷனும் இருபது படுக்கையும். எந்த வகையானாலும் தங்களுக்கான சாப்பாடு, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவர வேண்டும், அடிபட்ட ஊர் தலையில் போய் உட்காரக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் முதல் நாள் மீறினேன். எங்களுக்குச் சாப்பாடு வரவில்லை. கூரை போன வீட்டு அம்மா ஒருவர் தனக்கு முகாமில் கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார், வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது, டைப் 1 சர்க்கரை. இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கஜா சமயத்தில் எங்கள் பக்கம் மூன்று வாரம் கரண்ட் இல்லை. மறுபடி அப்படி ஆனால் என்ன செய்ய?
*முத்துப்பேட்டையிலிருந்து ஒரு தாய்*

லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்த புயல் அது. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு நிம்மதியான செய்தி சொல்கிறேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கும், மாதக் கணக்கில் சேமிக்க அது சரியான விதி. புழக்கத்தில் இருக்கிற பாட்டிலோ பேனாவோ வெளியில் நாலு வாரம் வரை தாங்கும். கென்யாவில் தாதாப் அகதி முகாமின் வெயிலை வைத்து 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள்: 25-க்கும் 37-க்கும் நடுவில் ஏறி இறங்குகிற வெப்பத்தில் நாலு வாரம் இருந்த இன்சுலின், ஃபிரிட்ஜில் இருந்ததைப் போலவே வேலை செய்தது.

ஆகவே கரண்ட் போன அன்றைக்கே இன்சுலினைத் தூக்கிப் போடாதீர்கள். ஊசியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், டைப் 1 பிள்ளைக்கு இன்சுலின் இல்லாத இரண்டு நாள் உயிருக்கே ஆபத்து. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னப் பானையை இறக்கி, அதற்குள் தண்ணீர் படாமல் பாலிதீனில் சுற்றி வைத்து, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள். மழை ஈரம் மிகுந்த நாட்களில் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனாலும் வெயில் படாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீன் பெட்டி ஐஸில் நேராகப் புதைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ, வெள்ளை மருந்தில் உருட்டியும் கரையாத கட்டி தெரிந்தாலோ போடாதீர்கள்.

அப்புறம், வேன் வந்தால் மகளுக்கு டைப் 1 என்று வரிசையில் காத்திருக்காமல் முன்னால் போய்ச் சொல்லுங்கள். யாரும் முறைத்தால் முறைக்கட்டும்.

புயலுக்குப் பிறகு பாம்புக்கடி அதிகமாகுமாமே? வேனிலேயே விஷமுறிவு ஊசி வைத்திருப்பார்களா?
*தலைஞாயிறு வாசகர்*

பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள், வைத்திருந்தாலும் வேனில் போடுகிற ஊசி இல்லை அது. எட்டு, பத்து குப்பி என்று ஏற்ற வேண்டியிருக்கும், அலர்ஜி வந்தால் சமாளிக்க ஆளும் கருவியும் வேண்டும். கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி வரப் பாதை இல்லையென்றால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோடு வரை வாருங்கள், நடக்க விடாதீர்கள். தரையில் படுத்துத் தூங்குகிற ராத்திரிகளில் கட்டுவிரியன்தான் மோசம். கடித்த இடம் வலிக்காது, வீங்காது, விடிகாலையில் வயிற்றுவலியும் கண் இமை சொக்குவதுமாகத் தெரியவரும். பேய் அறைந்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன ஆளை நான் பார்த்திருக்கிறேன். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டாவது படுங்கள்.

எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். குடிக்கலாமா? எவ்வளவு போட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.
*வேதாரண்யம் அருகிலிருந்து*

பாடப்புத்தகக் கணக்கு: ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வட்டக் கிணறு என்றால் விட்டத்தை (மீட்டரில்) அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்குங்கள், லிட்டர் வந்துவிடும். இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர், ஏறக்குறைய 24 கிராம் பவுடர். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும்.

ஆனால் இது தெளிந்த கிணற்றுக்கான கணக்கு. இலையும் சேறும் விழுந்த கிணறு குளோரினைக் குடித்துக்கொண்டே இருக்கும், போட்டது எங்கே போனது என்றே தெரியாது. அதனால்தான் ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். நர்சம்மாவிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ குளோரோஸ்கோப் இருக்கும், சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டால் மஞ்சளாகும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிச்சம் காட்ட வேண்டும். நிறமே மாறவில்லை என்றால் மறுபடி போட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

உங்கள் ஊரைப் பார்த்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஜாவில் உங்கள் பக்கம் சில ஊர்களுக்குள் கடல் சேறே வந்து படிந்தது. கடல்நீர் இறங்கிய கிணற்றில் எவ்வளவு பவுடர் போட்டாலும் கிருமி சாகும், உப்பு போகாது. அதைக் குடித்துக்கொண்டு உப்புக் குறைக்கச் சொன்ன பி.பி.காரர் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி? அங்கே மருந்து என்பதே லாரித் தண்ணீர்தான். இதைக் குழுவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மேலே எழுதுவது அவர்கள் வேலை.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தாமல்.

வேனில் வந்த டாக்டர்கள் எல்லாம் ஆண்கள். ஊர் முழுக்கச் சுற்றி நிற்கும்போது எங்கள் கஷ்டத்தை எப்படிச் சொல்வது?
*பெயர் வேண்டாம்*

சரியான கேள்வி, எங்களுக்கே மூன்றாவது நாள்தான் உறைத்தது. அதுவரை என்னிடம் வந்து "தலைவலி" என்றவர்களில் பாதிப் பேருக்குத் தலை வலிக்கவில்லை. நனைந்த துணியோடு நாட்கணக்கில் இருந்து வந்த புண், ஒதுங்க மறைவு இல்லாததால் சிறுநீரை அடக்கி அடக்கி வந்த எரிச்சல், மாதவிடாய்க்குத் துணி இல்லாதது, இதையெல்லாம் தாழ்வாரத்தில் முப்பது பேர் நடுவில் எப்படிச் சொல்வார்கள்? அப்புறம் இரண்டு புடவையைக் கயிற்றில் கட்டி ஒரு மறைப்பு போட்டோம். நர்சம்மா உள்ளே நின்றார், நான் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் நிஜமான வியாதிகள் வெளியே வந்தன. உங்கள் ஊருக்கு வேன் வந்தால் நீங்களே நாலு பெண்கள் சேர்ந்து புடவையைக் கட்டிவிடுங்கள், எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆண் டாக்டர்தான் என்றாலும் நர்சம்மா காதில் சொன்னால் போதும்.

என் தங்கைக்கு டிசம்பரில் பிரசவ தேதி. ஊர் கடற்கரை ஓரம். புயல் அறிவிப்பு வந்தால் 108 வரும் என்று நம்பி வீட்டிலேயே இருக்கலாமா?
*கோடியக்கரை வாசகர்*

வேண்டாம். 108 ஊழியர்கள் நல்ல ஆட்கள்தான், ஆனால் ரோட்டில் குறுக்கே விழுந்த மரத்துக்கு அது தெரியாதே. கஜா கரையைக் கடந்த நவம்பர் 16 விடிந்தபோது எத்தனையோ ஊர்களில் ரோடு எது, தோப்பு எது என்றே தெரியவில்லை.

இதில் ஒடிசாவைப் பார்த்துக் கற்கலாம். 1999 அக்டோபர் 29 புயலில் சுமார் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம் அது. இப்போது புயல் எச்சரிக்கை வந்ததும் பிரசவம் நெருங்கிய பெண்களைப் பட்டியல் எடுத்து, முன்கூட்டியே மருத்துவமனைகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். 2019 மே மாதம் ஃபானி புயலுக்கு முன்னால் சுமார் 12 லட்சம் பேரை அங்கே இடம் மாற்றினார்கள், கர்ப்பிணிகளும் அதில் அடக்கம். நம் ஊரிலும் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற பிக்மி எண் வழியாக யாருக்கு எப்போது பிரசவம் என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. அதை நம்பி உட்காராமல், எச்சரிக்கை வந்த அன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்லி, ஆபரேஷன் வசதி உள்ள அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குத் தங்கையை அனுப்புங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். மருத்துவ அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையோடு போகட்டும்.

எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று கேரளா நண்பர் சொல்கிறார். கடையில் வாங்கிப் போடலாமா?

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது, அப்போது சேற்றில் இறங்குகிறவர்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான், மாடியில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறவர்களுக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கூடாது. குழு வந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கஜாவில் 140 தென்னை போயிற்று. ஆண்டுகள் ஓடிவிட்டன, மறுபடி கன்று வைத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். சாப்பாடு குறைந்துவிடுகிறது, தோப்பிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். இது வியாதியா, வயசா?
*ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு மகன்*

வயசு இல்லை, தம்பி. வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அறுபது வயசுக்காரருக்கு அந்தக் கணக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இழந்தது வருமானம் மட்டும் இல்லை. தான் இல்லாத காலத்திலும் பிள்ளைகளுக்குக் காய்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தாரே, அதுவும்தான் வேரோடு சாய்ந்தது.

கஜாவின்போது எங்கள் குழுவில் மனநல ஆலோசகர் ஒருவர் இருந்தார். முதல் ஊரில் தனி மேசை போட்டு 'மனநல ஆலோசனை' என்று எழுதி ஒட்டினார், ஒரு ஈ காக்கை போகவில்லை. மேசையை எடுத்துவிட்டு பி.பி. பார்க்கிற வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டு, பி.பி. பட்டையைச் சுற்றும்போது "ராத்திரி தூக்கம் வருதா ஐயா?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார். தோப்பு போன ஒரு பெரியவர் முதல் முறை "வருது" என்றார். அடுத்த வாரமும் "வருது". மூன்றாவது முறை போனபோது கையில் பட்டை இருக்கும்போதே உடைந்து அழுதார். முதல் வாரத்தோடு நாங்கள் போயிருந்தால் எங்கள் நோட்டில் அவர் நன்றாகத் தூங்குகிறவர்.

உங்கள் அப்பாவிடம் "மறந்துடுங்கப்பா" என்று சொல்லாதீர்கள். தோப்பில் பக்கத்தில் போய் உட்காருங்கள், எந்த மரம் எப்போது வைத்தது என்று கேளுங்கள், சொல்லட்டும். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இருக்கிற எண்ணம் இறங்கிவிட வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில், பம்பு செட் அறையில் இருக்கிற பூச்சிமருந்தை இந்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். எந்த நேரமும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், அவருக்குப் பதிலாக நீங்களே முதலில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருந்து உதவும், கூட்டிப்போங்கள். வருஷா வருஷம் நவம்பரில் வருகிறது என்கிறீர்கள், அப்படியானால் அக்டோபரிலேயே போகலாம்.

நண்பர்கள் சேர்ந்து வீடு வீடாக மருந்து சேகரித்து, அடுத்த புயலில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். உங்கள் ஆலோசனை?
*கோயம்புத்தூர் இளைஞர்கள்*

மனசுக்கு நன்றி, மருந்துக்கு வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் வந்து குவிந்த நன்கொடை மருந்து சுமார் 4,000 டன். பெரும்பகுதி அங்கே யாருக்கும் தேவைப்படாதது, பலவற்றின் அட்டையில் இருந்த மொழியே அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் அதை அழிப்பதே ஒரு செலவாகிவிட்டது. நாங்கள் போன ஊரிலும் பாதி தீர்ந்த இருமல் சிரப், தேதி முடிந்த கண் சொட்டு மருந்து என்று ஒரு மூட்டை வந்தது. அதைப் பிரித்து அடுக்க நர்சம்மாவுக்கு ஒரு மத்தியானம் போயிற்று, அந்த நேரத்தில் இருபது பேருக்கு பி.பி. பார்த்திருப்பார்.

அதே பணத்தில் டார்ச், கொசுவலை, தார்ப்பாய், நாப்கின், ஓ.ஆர்.எஸ்., ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிக் கொடுங்கள். செல்போன் சார்ஜ் போட்டுக்கொடுத்தாலே பெரிய மருத்துவ உதவி, சார்ஜ் இருந்தால்தானே 108-ஐக் கூப்பிட முடியும். ஜெனரேட்டரை மட்டும் வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைக்க விடாதீர்கள், அதன் புகை வாசனை காட்டாமலே ஆளைக் கொல்லும். கூரை ஏறி ஓடு மாற்றவும் மரம் அறுக்கவும் பழக்கமான ஆட்களைக் கூட்டிப்போங்கள். புயல் முடிந்த பிறகு நான் கட்டுப்போட்ட காயங்களில் அதிகம், பழக்கமில்லாமல் ஓட்டில் ஏறியவர்களுடையதும் தோப்பில் அரிவாள், ரம்பம் பிடித்தவர்களுடையதும்தான்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். வேன் காலை ஒன்பதுக்கு வரும் என்பார்கள், நாங்கள் ஊரைக் கூட்டி உட்கார வைப்போம், மூன்று மணிக்கு வரும். திட்டு எல்லாம் எங்களுக்கு. புயலில் எங்கள் வீட்டு ஓடும்தான் போயிற்று, அதை யாரும் கேட்கவில்லை. இதை எழுதுவீர்களா?
*திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து*

எழுதிவிட்டேன், சிஸ்டர். ஒன்பது மணி என்று சொல்லி மூன்று மணிக்கு வந்த வேன்களில் ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன், வழியில் இரண்டு இடத்தில் மரம் அறுக்கக் காத்திருந்தோம் என்பது எங்கள் சாக்கு. உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், டவர் இல்லை என்பது அடுத்த சாக்கு. முன்னால் ஒரு பைக்கை அனுப்பியிருக்கலாம், அதற்குச் சாக்கு இல்லை.

அப்புறம் எங்கள் குழுவில் ஒரு ஏற்பாடு செய்தோம், மற்றவர்களும் செய்யலாம். முகாம் நேரத்தை நாங்கள் முடிவு செய்வதை விட்டு நர்சம்மாவிடமே விட்டோம். ரேஷன் கடை, நிவாரண டோக்கன், தண்ணீர் லாரி, இந்த மூன்றும் வராத நேரம் எது என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் அது மத்தியானம் இரண்டரை என்றார். இரண்டு மணிக்கே போய் உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, வரிசை முடிந்ததும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அவரையே உட்கார வைத்து பி.பி. பார்த்தேன். 170-க்கு 100. மாத்திரை போடுகிறவர்தான், புயல் அன்றிலிருந்து போடவில்லையாம். ஊரில் யார் மாத்திரை போடவில்லை என்ற பட்டியலை எழுதிவைத்திருந்த அந்த நோட்டில் அவர் பெயர் இல்லை.